சிறப்பு ழகரம்

சுட்டாச்சு. தோள்பட்டைல துப்பாக்கிக் கட்டை இடிச்ச இடம் எரியுது. அது எப்பவும் எரியறதுதான், அதைப் பத்திப் பேச்சில்லை. என்ன சொன்னான் அவன்? அதுதான் பேச்சு. நான் 'வாழை'ன்னேன். ரெண்டு தடவை சொன்னேன், ரெண்டாவது தடவை கொஞ்சம் உரக்க. வர்றவன் 'பழம்'னு பதில் சொல்லணும். அதுதான் இந்த வாரத்து அடையாளச் சொல்லு, கம்பெனியில அத்தனை பேருக்கும் தெரியும், ஏன்னா அந்தச் சொல்லைப் பொறுக்கிக் குடுத்ததே நான்தான். பனிக்குள்ளேர்ந்து பதில் வந்துச்சு. பழம்னு வரலை. பயம்னு வந்துச்சு. பதினஞ்சு கஜம் இருக்கும், ஆள் தெரியலை, முள்கம்பிக்கு அந்தப் பக்கம் குனிஞ்ச மாதிரி ஒரு கறுப்பு, அவ்வளவுதான். பயம். யகரம். சந்தேகமே இல்லாத யகரம். விரல் இழுத்துடுச்சு. நான் இழுத்தேன்னு சொல்லணும், எழுவாய் நான்தான், விரல் வெறும் கருவி. கம்பியில கட்டித் தொங்கவிட்ட பால் டப்பாவெல்லாம் கலகலன்னு ஆடுச்சு. ஆள் கம்பி மேலேயே விழுந்திருக்கான். இப்ப டப்பா நின்னுபோச்சு. முனகல் ஆரம்பிச்சிருக்கு.

"அண்ணே, யாரு?" பக்கத்துல சவரிமுத்து. திருச்சியில ரயில்வே பட்டறைச் சுத்தியல் பிடிச்சவன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், அரைத் தூக்கத்துல துப்பாக்கியைத் தேடறான். "எதிரி"ன்னேன். "பார்த்தீங்களா?" "கேட்டேன்." நல்ல பதில்டா சிவக்கொழுந்து! கேட்டானாம். பதுங்குகுழிச் சேத்துல முழங்கால் தேய ஜமேதார் ஞானமுத்து வந்துட்டார். திருநெல்வேலிக்காரர், எங்க பிளட்டூனுக்கு அவர்தான் எல்லாம். "என்னவே சத்தம்? யாரு சுட்டது?" "நான்தான் சாப்." "பதில் சொன்னானா?" "சொன்னான். தப்பாச் சொன்னான்." "என்னன்னு?" இங்கதான். இந்த இடத்துலதான் நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கணும். பயம்னு சொன்னான் சாப், அவ்வளவுதானே, மூணு எழுத்து. அவர் உடனே புரிஞ்சிக்கிட்டிருப்பார், அந்த மனுஷன் மடையன் இல்லை. என் வாயிலேர்ந்து வந்தது வேற. "பரம்னு சொன்னான் சாப்." பரம்! ரகரம். சப்பான்காரனுக்கு லகரம், ளகரம், ழகரம் மூணும் வராது, மூணுக்கும் ரகரம்தான் வரும், அதனாலதானே இந்தச் சொல்லையே வெச்சோம். பரம்னு சொன்னவன் எதிரியேதான். ஜமேதார் தலையை ஆட்டிட்டார். "அப்பம் சரி. பனி எறங்குத வரைக்கும் ஒருத்தனும் மண்டையத் தூக்கப்படாது. முனகுனா முனகட்டும்." போறவர் நின்னார். "தண்ணிக்குப் போன மூணு பேர்ல ரெண்டு பேரு வந்தாச்சு. ஏளுமலையத்தான் காணோம். ஓடைப் பக்கம் பதுங்கிக் கெடப்பான், வெளுத்தா வருவான்." போயிட்டார். சேத்துல அவர் முழங்கால் பதிஞ்ச பள்ளத்துல தண்ணி ஊறுது. நான் அதையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.

ஏடு ஏடாப் பார்த்து, இந்தப் பிரதியில இப்படி இருக்கு, அந்தப் பிரதியில அப்படி இருக்குன்னு பாடபேதம் குறிச்சவன் நான். பதினோரு வருஷம். ஒரு எழுத்து மாத்திப் படிச்சான்னு எத்தனை பேரை மூஞ்சியில அடிச்ச மாதிரி கேட்டிருக்கேன். இன்னைக்கு நானே காதாரக் கேட்ட எழுத்தை மாத்திச் சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? பயம். வேற என்ன, பயம்தான், அட நாசமாப் போறவனே, அந்த வார்த்தையை விட்டு வெளியவே வரமாட்டியா. முனகுது. ஹும்... ஹும்னு மூக்கால வருது. சப்பான்காரனா இருக்கலாம். இருக்கலாமில்ல? யகரம் அவனுக்கும் வரும், நல்லாவே வரும். 'பழம்'ங்கிறதை ஒட்டுக் கேட்டுட்டுப் பயம்னு சொல்லிப் பார்த்திருக்கலாம். முனகலுக்கு ஊர் கிடையாது, ஜாதி கிடையாது, உயிரெழுத்துகூட இல்லை அது, எந்த எழுத்துலயும் சேராத ஒரு சத்தம். மதராசுத் துறைமுகத்துல மூட்டை தூக்கினவன் முனகினாலும் ஹும்தான், தோக்கியோவுல பிறந்தவன் முனகினாலும் ஹும்தான். இந்த அறிவை வெச்சுக்கிட்டு என்ன பண்ண. போன வெள்ளிக்கிழமை இதே கம்பிக்கு அந்தாண்ட ஒருத்தன் 'பானி, பானி'ன்னு இந்துஸ்தானியில முனகினான். அப்பலநாயுடுவுக்குப் பொறுக்கலை, விசாகப்பட்டினத்து ஆளு, இளகின மனசு, தண்ணிக் குப்பியை எடுத்துக்கிட்டு ஊர்ந்து போனான். வயித்துல குத்துற சத்தத்தை நாங்க இங்கேர்ந்து கேட்டோம். ஈர மூட்டையில கம்பி இறங்குற மாதிரி ஒரு சத்தம், நாலஞ்சு தடவை. வெளுத்தப்புறம் போய்ப் பார்த்தா குப்பியை அவன் வாயில வெச்சுக் கட்டையால அடிச்சு இறக்கியிருந்தானுங்க, முன்பல்லெல்லாம் உள்ள போயிருந்துச்சு, கண்ணு ரெண்டும் திறந்து மழை தேங்கியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த உத்தரவு. முனகலுக்குப் போகாதே. உத்தரவு உத்தரவுதான். நான் உத்தரவைத்தான் மதிக்கிறேன், வேற ஒண்ணும் இல்லை.

அடையாளச் சொல்லைப் பல்லின்னு வெச்சிருக்கலாம். இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் எதிரி பொறுக்கிக்கிட்டான், 'டோன்ட் ஷூட்'னு வெள்ளைக்காரன் மாதிரியே கூப்பிட்டுக்கிட்டு வந்து வெடிகுண்டு போட்டான், ரெண்டு பேர் துண்டு துண்டாப் போனாங்க. கேப்டன் துரை ஜமேதாரைக் கூப்பிட்டுக் கேட்டார். உங்க கம்பெனியில ஒரு தமிழ்ப் பண்டிதன் இருக்கானாமே, நூலகத்துல இருந்தவன், எங்கே அவன்? எங்கேயா? கக்கூஸ் பள்ளம் வெட்டிக்கிட்டு இருந்தேன் நான். மண்ணோட போய் நின்னேன். எதிரியால உச்சரிக்க முடியாத சொல்லா ஒண்ணு குடுன்னார். ரெண்டு வருஷமா என்னை ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டதில்லை, படிச்சவன்னு மதிச்சதில்லை. கேட்டாரே ஒரு கேள்வி, அவ்வளவுதான், தலைகால் புரியலை எனக்கு. ஜமேதார் அப்பவே சொன்னார். "பல்லின்னு வைங்கவே. லகரமே அவனுக்கு வராதுல்லா, நம்ம பயலுவ அத்தன பேருக்கும் வரும்." எவ்வளவு பெரிய புத்தி அது! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பல்லியா? உலகத்துல எவனுக்கும் வாய்க்காத எழுத்து ஒண்ணு நம்மகிட்ட இருக்கு, சிறப்பு ழகரம், அதை விட்டுட்டுச் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கிற பல்லியா? கம்பெனி முழுக்க உட்கார வெச்சு அரை மணி நேரம் பேசினேன். நாக்கு நுனியை மேல வளை, அண்ணத்தைத் தொட்டும் தொடாம தடவு. அத்தனை பேரும் அண்ணாந்துக்கிட்டு ழ ழன்னாங்க. மலையாளத்துக்காரனெல்லாம் முதல் தடவையே சொல்லிட்டான். ஜமேதார் 'பளம்'னார். அத்தனை பேர் முன்னாடி அவரை மூணு தடவை திருத்தினேன், அந்த மனுஷன் வாத்தியார்கிட்ட மாட்டின பிள்ளை மாதிரி மூணு தடவையும் பளம் பளம் பளம்னார். சரி, ளகரம் வந்தாலும் பரவாயில்லை, எதிரிக்கு அதுவும் வராதுன்னு பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்தேன். ஆனா யகரம் ஆகாது, யகரம் எதிரிக்கும் வரும், பயம்னு எவன் சொன்னாலும் சுடுங்கன்னேன். எவன் சொன்னாலும். என் வாயால, நிமிர்ந்து நின்னு சொன்னேன்.

ஏழுமலை அங்கதான் முன்வரிசையில உட்கார்ந்திருந்தான். ராயபுரத்துக்காரன், துறைமுகத்துல மூட்டை தூக்கினவன், கழுத்து இந்தத் தண்டி. அவனுக்கு ழகரமே கிடையாது. கிழவி கெய்வி, குழந்தை கொயந்த, மழை மய. "உன் பேரைச் சொல்லுடா"ன்னேன். "ஏயுமல"ன்னான். கம்பெனியே கொல்லுனு சிரிச்சுது. "உன் பேரையே உனக்குச் சொல்ல வரலையேடா!" "பேரு வெச்ச எங்கப்பனுக்கே வர்ல வாத்தியாரே, நான் இன்னாத்த பண்றது? உன் பேரு மட்டும் இன்னா லேசா, செவக்கொயுந்து!" மறுபடி சிரிப்பு. மத்தவனெல்லாம் என்னைப் பண்டிதர்ம்பான், கிண்டலா. இவன் ஒருத்தன்தான் வாத்தியாரேம்பான், அதுல கிண்டல் இருக்காது. மூணு நாள் பழக்கினேன் அவனை. சோத்துத் தட்டை வெச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்து ழ ழ ழ. கோபம் வந்து ஒரு தரம் என் சுண்டுவிரலை அவன் வாய்க்குள்ள விட்டு நாக்கைப் பிடிச்சு மேல மடக்கினேன், கடிக்காம உட்கார்ந்திருந்தான் மகராசன், கண்ணுல தண்ணி வருது, "வலிக்கிது வாத்தியாரே, ஆனா வருதில்ல?"ங்கிறான். வந்துச்சு. மூணுக்கு ஒரு தடவை வந்துச்சு. நிதானமா இருந்தா வரும், ஓடினா வராது, பயந்தா வராது. கேப்டன் துரை கேட்டார், எல்லாருக்கும் சரியா வருதா? "எஸ் சார்"னேன். மூணுக்கு ஒண்ணுன்னு சொல்லலை. சொன்னா பல்லின்னு மாத்திடுவாங்களேன்னு சொல்லலை. ஒரு எழுத்து மேல வெச்ச கர்வத்துல ஒரு ஆளை அடகு வெச்சேன். அய்யோ, அவன்தான்னு நான் எங்க சொன்னேன்? இன்னும் தெரியாதே. அவன் ஓடைப் பக்கம் பதுங்கியிருப்பான். ஜமேதாரே சொல்லிட்டார். வெளுத்தா வருவான், வந்து, இன்னா வாத்தியாரே, துன்னுட்டியாம்பான்.

முனகல் நிக்கலை. சவரிமுத்து காதைப் பொத்திக்கிட்டான். "இன்னொரு குண்டு போட்டுத் தொலைச்சுடலாமா அண்ணே, கேக்க முடியலை." "குண்டை வீணாக்காதே"ன்னேன். ஆகா, என்ன சிக்கனம்! கையை அக்குளுக்குள்ள வெச்சு அழுத்திக்கிட்டேன். இந்தக் கை பேனா பிடிச்ச கை. மாயவரத்துல எங்க தமிழ்ச் சபை நூலகத்துல சுவடிக்கெல்லாம் மஞ்சள் பூசி, எண்ணெய் தடவி, கயிறு கோத்துப் பட்டியல் போட்ட கை. ஒருநாள் செயலாளர் வந்தார், சண்டைக்காலம், கட்டடத்தை வேற காரியத்துக்குக் கேக்கறாங்க, இந்த ஓலைக்குப்பையைக் கொல்லையில போட்டுக் கொளுத்திட்டா என்னன்னார். அறைஞ்சேன். ஒரு அறையில கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு, மனுஷன் அலமாரி மேல சாஞ்சார், இன்னொண்ணு குடுத்தேன். காது வழியா ரத்தம் வந்தப்பதான் நிறுத்தினேன். ஊர் என்னமோ நான் தேசபக்தியில பட்டாளத்துல சேர்ந்தேன்னு நினைக்குது. கேஸு கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஓடிவந்தவன் நான். ஓடிவந்தவனுக்கு இன்னொண்ணும் தெரிஞ்சுபோச்சு, அடிக்கிறதுல ஒரு ருசி இருக்குன்னு. சித்திரை மாசம் கீழ்க்குன்றுல பதுங்குகுழிக்குள்ள குதிச்சப்ப எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியில குண்டு மாட்டிக்கிட்டு இருந்தான். என்கிட்ட குட்டை மண்வெட்டிதான் இருந்துச்சு. முதல் அடியில தாடை கழண்டு தொங்குச்சு. ரெண்டாவது நெத்தியில. மூணாவதுல ஆள் முடிஞ்சுபோச்சு. நாலாவது தேவையே இல்லை. அடிச்சேன். சுகமா இருந்துச்சு, இதை யார்கிட்டயும் சொன்னதில்லை, அப்படி ஒரு சுகம். அப்புறம் அவன் சட்டைப்பையில ஒரு புத்தகம். எடுத்தேன், புத்தகத்தைக் கண்டா கை சும்மா இருக்காதே. இப்படித் திருப்பறேன், அப்படித் திருப்பறேன், எது மேல் எது கீழ்ன்னு தெரியலை. பதினோரு வருஷம் நூலகத்துல இருந்தவனுக்குப் புத்தகத்தை எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியலை. ரத்தத்துல ஒட்டின தாளைப் பூச்சி அரிச்ச ஏட்டைப் பிரிக்கிற மாதிரி நகத்தால மெள்ள மெள்ளப் பிரிச்சேன், கிழியாம, அத்தனை பதனமா. செத்தவன் மூஞ்சி பக்கத்துலயே கிடக்கு, அது மூஞ்சியாவே இல்லை. அந்தக் கையும் இந்தக் கைதான்.

என்னமோ சொன்னான். இப்ப சொன்னான். முனகல் இல்லை, எழுத்து. வகரம். "வா"ன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் இருமல், அதுக்கப்புறம் ஒண்ணுமில்லை. சவரிமுத்து என்னைப் பார்க்கிறான். "வான்னா கூப்பிட்டான்?" "தெரியலை." "தமிழ் மாதிரி இருந்துச்சே அண்ணே." "வா எல்லா பாஷையிலயும் இருக்கும், பேசாம கிட." என்ன ஒரு பேச்சு பேசறேன்! வா. நெடிலா குறிலா? நெடில்தான், நீட்டித்தான் கேட்டுச்சு, இல்ல, குறிலாச் சொல்லி மூச்சு இழுத்ததுல நீண்டிருக்கலாம். வா, வாத்தியாரேங்கிறதோட முதல் எழுத்து. வா, வாழையோட முதல் எழுத்து, நான் கூப்பிட்டதைத் திருப்பிச் சொல்றான் எதிரி, கிளிப்பிள்ளை மாதிரி. வா, தூண்டில், அப்பலநாயுடுவைக் கூப்பிட்ட மாதிரி என்னையும் கூப்பிடறான். ஒரு எழுத்தை வெச்சுக்கிட்டு ஒம்பது அர்த்தம் பண்றேன். என் காதுக்கு எப்பவோ தெரியும். சுட்ட நிமிஷத்துலயே தெரியும். சுடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமோ? பயம்னு வந்த அந்தக் குரல்ல ஒரு கரகரப்பு, பீடி குடிச்ச தொண்டை, ராயபுரம், அவன் கூப்பிடறான், வா வாத்தியாரேங்கிறான், ஒரு ஆளு குடல் சரியக் கம்பியில தொங்கிக்கிட்டு என்னை 'வா'ங்கிறான், நான் குறிலா நெடிலான்னு உட்கார்ந்திருக்கேன். எந்திரிடா. எந்திரிச்சா சவரிமுத்து கேப்பான், ஏன்ணே போறீங்க, பரம்னு சொன்னான்னீங்களேம்பான். அதுக்குப் பயந்துதான் உட்கார்ந்திருக்கேன், குத்துக்குப் பயந்துகூட இல்லை. இல்லை, குத்துக்கும்தான். ரெண்டுக்கும்தான். பல்லு உள்ள போன அந்த வாய் கண்ணு முன்னாடி நிக்குது. உன் படிப்புல இடி விழ, எந்திரிடா நாயே. காலு வரமாட்டேங்குது. கால் விறைச்சுக் கிடக்கு, அட்டை ஒண்ணு கணுக்காலைக் கடிச்சு ஊதிப்போய்த் தொங்குது, அதைப் பிய்க்கக்கூடத் தோணலை. ஏழு மணி இருக்கும். பனி கொஞ்சம் மஞ்சளாயிருக்கு. முனகுடா, முனகிக்கிட்டே இரு, இன்னும் கொஞ்ச நேரம், பனி விலகட்டும், ஜமேதாரே வந்து தூக்கிடுவார், நான் ஒண்ணும் சொல்ல வேண்டியிருக்காது.

நின்னுபோச்சு. சட்டுனு நின்னுது, வாயைப் பொத்தின மாதிரி. காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன், இலையிலேர்ந்து சொட்டற தண்ணி, எங்கயோ ஒரு குருவி, அவ்வளவுதான். இவ்வளவு நேரம் முனகலை நிறுத்தமாட்டானாங்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேனே, நின்னதும் உடம்பு எந்திரிச்சுது. செத்துட்டான்னு தெரிஞ்சப்புறம் கால் வருது பாரு! "அண்ணே! அண்ணே, எங்க போறீங்க?" துப்பாக்கியை அங்கயே போட்டுட்டேன். சேத்துல மார்பு உரச ஊர்ந்தேன், கம்பிக்கு அடியில நாங்க வெச்ச சந்து, முதுகுல சட்டை கிழிஞ்சு தோலும் கிழிஞ்சுது. பனிக்குள்ள முதல்ல பூட்ஸ் தெரிஞ்சுது. நம்ம பூட்ஸ். லாடம் ஒண்ணு விழுந்த இடது பூட்ஸ், ஏழுமலையோடது. அதுக்கு மேல பார்க்கவேண்டியதே இல்லை, பார்த்தேன். கம்பியிலேர்ந்து தானே கழட்டிக்கிட்டு மல்லாந்து கிடக்கான். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வெச்சு அமுக்கியிருக்கான், விரல் சந்து வழியா உள்ளே இருக்கறது வெளியே வந்திருக்கு, பச்சையும் சிவப்புமா, அதுலேர்ந்து ஆவி வருது. நாத்தம். வாயில துண்டு. தலையில கட்டிக்கிற அந்தக் கட்டம்போட்ட துண்டைச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சிருக்கு. சப்பான்காரனுங்க வந்து திணிச்சுட்டுப் போயிட்டானுங்களான்னு ஒரு நொடி நினைச்சேன். துண்டோட மறுமுனை அவன் இடது கையில இருந்துச்சு. அவனே கைமுட்டியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு இருந்தான். கண்ணு என்னைப் பார்த்துச்சு.

உருவினேன். துண்டு முழுக்கப் பல் பதிஞ்சிருந்துச்சு. "இன்னா வாத்தியாரே"ன்னான், மூச்சுதான் வந்துச்சு, குரல் இல்லை. டேய் ஏழுமலைன்னேன். "தப்பா சொல்ட்டேன் வாத்தியாரே. குளுரு. ஓடியாந்தனா, நாக்கு மடங்கவே இல்ல. நீ இன்னா பண்ணுவ, பாவம்." பாவமாம். என்னைப் பார்த்து. "பேசாதடா, தூக்கறேன், தோளைப் பிடிச்சுக்க." "தூக்காத, அல்லாம் வெளிய வந்துரும். காதுல வுயுந்துச்சா? கத்தனேனே." "என்னடா கத்தினே?" "வராதன்னு. வராத வாத்தியாரேன்னேன். கீய ஓடையாண்ட நாலு பேரு கீறானுங்க, என் பின்னாலயே வந்தானுங்க. எவனாவது வெளிய வந்தா போட்டுருவானுங்க. பாதிதான் வந்துச்சு வாயில. வுயுந்துச்சா?" வ. குறில். அடப்பாவி, வராதன்னிருக்கான், வான்னு கேட்டுச்சு எனக்கு. வான்னு கேட்டுத்தான் நான் வரலை. "விழுந்துச்சு"ன்னேன். "அதான பாத்தேன். கரீட்டா கேட்டுகினே நீ. வர்ல. நல்ல வேள." சிரிக்கப் பார்த்தான், உதட்டோரம் ரத்தம் குமிழ் விட்டுச்சு. "மறுக்கா மறுக்கா முனுகுனா எவனாவது மனசு கேக்காத வந்துருவீங்கன்னுதான் துண்ட..." முடிக்கலை. மூச்சை உள்ள இழுத்தான், அது வெளிய வரலை. நான் காத்துக்கிட்டே இருந்தேன். ஏழுமலைன்னேன், பரம்னு சொல்லிட்டேன்டா ஏழுமலை, நீ பயம்னு சொன்னதைப் பரம்னு சொல்லி உன்னை இங்கயே போட்டுட்டேன், ஒரு மணி நேரம்டா, உன் முனகலைக் கேட்டுக்கிட்டு ஒரு மணி நேரம், வான்னு கேட்டும் வரலைடா நானு. அவன் கண்ணு அசையலை. ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா கேட்டிருப்பான்.

பனி தூக்கிடுச்சு. திரை தூக்கின மாதிரி மேல போகுது, எங்க மேடு தெரியுது, மண்மூட்டை வரிசை தெரியுது, கீழே ஓடையும் புல்லும் பளிச்சுனு தெரியுது. நான் நடுவுல உட்கார்ந்திருக்கேன், அவன் தலை மடியில. "பண்டிதரே!" ஜமேதார் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். "படும்வே! கூறுகெட்ட மனுசா, படும்! யாருவே அது? எதிரிதானே?" எதிரிதான்னு கைகாட்டிட்டுப் படுத்துக்கலாம். ஓடையிலேர்ந்து வந்த குண்டுன்னும் சொல்லலாம், ரிப்போர்ட்டை எழுதப்போறதே நான்தான், எழுத்தெல்லாம் என் கையிலதான் இருக்கு. புல்லுப் பக்கமிருந்து முதல் குண்டு வந்து என் இடப்பக்கம் மண்ணைக் கிளப்பிச்சு. "ஏழுமலை!"ன்னு கத்தினேன். "நம்ம ஏழுமலை சாப்! பரம்னு சொல்லலை, பயம்னு சொன்னான், அவனுக்கு அப்படித்தான் வரும், எனக்குத் தெரியும், தெரிஞ்சு சுட்டேன்! நான்தான் சாப் சுட்டேன்! உங்ககிட்ட பொய் சொன்னேன்!" மேட்டுல எல்லாத் தலையும் தெரியுது, சவரிமுத்து வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறான். ரெண்டாவது குண்டு பூட்ஸுக்குப் பக்கத்துல. "வாய மூடும்வே! செத்துப்போவீரு! வாய மூடிக்கிட்டுப் படும்!" ஜமேதார் தொண்டை கிழியக் கத்தறார். நான் மூடலை. முனகினான் சாப்னு சொன்னேன், ஒரு மணி நேரம் முனகினான், எனக்குக் கேட்டுச்சு, எல்லாமே கேட்டுச்சு.